மணல்மூட்டை என்றொரு வினைச்சொல்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

உயிரோடு இருக்கிறேன். இடது புருவத்தில் மூன்று தையல், கட்டைவிரல் வீக்கம், மற்றபடி சௌக்கியம். பாக்ஸிங் பயிற்சி முகாமில் எல்லோருடைய போனையும் பிடுங்கிப் பூட்டிவிட்டார்கள். அதனால்தான் இந்தக் கோழிக்கிறுக்கல். தையலைப் பற்றி அம்மாவிடம் மூச்சு விடாதே.

இன்று ஒரு புது இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டேன். கோச் ஒரு பெண்ணைப் பார்த்து, "சேண்ட்பேக் பண்ணாதே!" என்று கத்தினார். நாம் தொங்கவிட்டுக் குத்துவோமே, அந்த மணல்மூட்டைக்குத்தான் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். அதை வினைச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். என் அறைக்காரியைக் கேட்டேன். "நல்லா ஆட முடிஞ்சும் வேணும்னே மட்டமா ஆடுறது" என்றாள்.

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான்கு வருஷத்துக்கு முன் தேர்வுப் போட்டியின் ஃபைனலில் நாம் இரண்டு பேரும் மோதினோமே, முதல் இரண்டு ரவுண்டில் உன் வலது கை எங்கே போயிருந்தது? அந்தக் கையால் நீ சாய்க்காத ஆள் உண்டா? அன்று ஜெயித்ததால்தான் நான் இங்கே இருக்கிறேன். என்னை சேண்ட்பேக் பண்ணினாயா? ஆமாம் அல்லது இல்லை, ஒரு வரி போதும்.

உன்
வாலு


மார்ச் 11

என் செல்ல வாலுக்கு,

ஒரு வரி போதுமாம்! மூன்று மாதம் கழித்து எழுதுகிறாள், அதிலும் போலீஸ் விசாரணை.

டிரைவிங் ஸ்கூலில் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. நேற்று ஒரு வங்கி மேனேஜரம்மா பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, மருந்துக்கடை ஷட்டரில் காரைச் சொருகிவிட்டார். இறங்கி, "நீங்கதானே ஒழுங்கா சொல்லித் தரணும்?" என்று என்னையே ஏசினார். ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது. வேலையை நினைத்துக் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மா இன்றும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பெரியவ விட்டுக்கொடுத்தா, சின்னவ போனா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் மறுத்ததில்லை. ஆமாண்டி, விட்டுக்கொடுத்தேன். இருந்தது ஒரே இடம். எனக்கு இருபத்தெட்டு, உனக்கு இருபத்திரண்டு. உனக்கு விட்டுக்கொடுக்காமல் வேறு யாருக்கு விட்டுக்கொடுப்பேன்? இதற்குப் போய் மண்டையைக் குடைந்துகொள்ளாதே. நன்றாகச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. படித்து மடித்து வைத்துவிட்டு ரிங்கில் ஏறினேன். எதிரே என் அறைக்காரி. வெறும் பயிற்சி ஆட்டம்தான். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, உன் முகம்தான் தெரிந்தது. மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மணி அடித்தும் நிறுத்தவில்லை. கயிற்றோடு சாய்த்து வைத்து அடித்தேன். இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள், ஒருவரின் உதட்டையும் கிழித்துவிட்டேன். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவள் ரத்தம் என் ஷூ லேசில் காய்ந்து கெட்டியாகிவிட்டது, அவிழ்க்க முடியவில்லை.

அக்காவையே சாய்த்தவள், இனி யார் வந்தால் என்ன என்றுதான் நான்கு வருஷமாக ஒவ்வொரு தடவையும் ஏறினேன். அது பிச்சை. மூன்றாவது ரவுண்டில் வெறிபிடித்த மாதிரி வந்தாயே, அப்புறம் மல்லாந்து கிடந்தாயே, எல்லாம் நமக்குக் குத்தக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் கண்ணில் மண்ணைத் தூவத்தானே? உனக்குத் தியாகிப் பட்டம், எனக்கு உன் எச்சில்.

அடுத்த மாதம் நாலாம் தேதி அரையிறுதி. அன்று காலை எடை பார்க்கும்போது விலகிக்கொள்வதாகச் சொல்லிவிடுவேன். இனி எழுதாதே. எழுதினால் கிழித்துப் போடுவேன்.


மார்ச் 27

வாலு,

கிழிப்பதற்கு முன் படி. அப்புறம் என்னையும் சேர்த்துக் கிழி.

விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுதான் அன்று ஏறினேன். முதல் இரண்டு ரவுண்டும் உன் கோச் சொன்ன அந்த வார்த்தைதான். வலது கையை அடக்கிக்கொண்டு உன் அடியை வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ரவுண்டு தொடங்கியதும் நீ கிட்டே வந்து, "என்னக்கா, வயசாயிடுச்சா?" என்றாய்.

தங்கையாவது, விட்டுக்கொடுப்பதாவது! உன்னைக் கொன்றுவிட வேண்டும் என்றே வந்தேன். உன் காதில் விழுந்ததே, நான் விட்டதிலேயே பெரிய அடி அது. பத்து நாள் அந்தக் காதில் விசில் சத்தம் கேட்கிறது என்று அழுதாயே, நடித்தவள் அடித்த அடியா அது? அடுத்ததைத் தாடையில் இறக்கினேன். அதுவும் சரியாகத்தான் விழுந்தது. நீ விழவில்லை. தலையை உதறிக்கொண்டு உள்ளே புகுந்து என் விலாவில் இரண்டு, மோவாயில் ஒன்று கொடுத்தாய். கண் திறந்தபோது ரெஃபரி ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தார். எழுந்திரு நாயே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கால் கேட்கவில்லை.

உடைமாற்றும் அறையில் மாஸ்டர் என் தோளைத் தட்டி, "தங்கச்சிக்காக விட்டுட்டியாம்மா?" என்றார். வாயெல்லாம் ரத்தம், பேசவில்லை. ரத்தம் நின்ற பிறகும் பேசவில்லை. அவர் அம்மாவிடம் சொன்னார், அம்மா ஊருக்கெல்லாம் சொன்னாள். தோற்றவள் என்பதைவிட அது கேட்க நன்றாக இருந்தது. இந்த மாத ஆரம்பத்தில் நீ நேராகக் கேட்டு எழுதியபோதும் அந்தப் பெயரை விட மனம் வரவில்லை. அந்தப் பெண்ணின் மூக்கை உடைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அவளிடம் போய் மன்னிப்புக் கேள், எனக்காகவும் கேள்.

நேற்று அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். "இதை ஏண்டி இப்ப சொல்றே, நல்லாத்தானே இருந்துச்சு" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நாலாம் தேதிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று கூரியரில் அனுப்புகிறேன். ஏறுவதும் ஏறாததும் உன் இஷ்டம்.

உன்னிடம் அடிவாங்கித் தோற்ற,
அக்கா