சும்மா இருக்கச் சொன்ன பத்து நிமிடம்

மார்ச் 3, செவ்வாய்
கடைசி ஆளும் மூளை ஸ்கேனரிலிருந்து இறங்கிவிட்டார். இருபது பேர், எட்டு வாரம் மூச்சைக் கவனிக்கும் பயிற்சி, முன்னால் ஒரு ஸ்கேன், பின்னால் ஒரு ஸ்கேன். இரண்டிலும் பத்து நிமிடம் சும்மா படுத்திருக்க வேண்டும். மூளை சும்மா இருக்கும்போது ஊர் சுற்றுகிற நரம்பு வலை ஒன்று. கவனத்தை இழுத்து உட்காரவைக்கிற வலை இன்னொன்று. பயிற்சிக்குப் பிறகு இரண்டுக்கும் நடுவே போக்குவரத்து கூடியிருக்கிறதா? இதுதான் என் நாலு வருஷக் கேள்வி. ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தால் என் வீட்டுக்காரர் இருக்கும் ஊரிலேயே எனக்கு ஆசிரியர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து போனில்தான் குடித்தனம்.

மார்ச் 12
கூடியிருக்கிறது! கொஞ்சநஞ்சமல்ல. வழிகாட்டிப் பேராசிரியரே படத்தை இரண்டு தடவை பார்த்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 13
இவர் வீடு பார்க்கத் தொடங்கிவிட்டாராம்.

மார்ச் 17
பயிற்சிக்கு வந்த தையல்காரம்மா தன் மூளைப் படத்தை வாங்க வந்தார். கடையில் மாட்டப் போகிறாராம். போகிறபோக்கில் சொன்னார்: “ரெண்டாவது தடவ அந்தப் பத்து நிமிஷமும் மூச்சத்தாம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். சும்மா கெடந்தா உனக்கு நல்லா வராதே.”

ஐயோ — சும்மா இருக்கிற மூளையைத்தானே நான் பார்க்கணும்! பயிற்சி செய்துகொண்டே படுத்திருந்தால் அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் படம் பிடிச்சிருக்கேன். எட்டு வாரத்துல என்ன மாறிச்சுன்னு எப்படிச் சொல்றது? அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கடைசி வகுப்பில், “எனக்காக நல்லா பண்ணுங்க”ன்னு பல்லைக் காட்டினது யாரு? நான்தான்.

மார்ச் 18
எல்லோருக்கும் போன் போட்டேன். பதினோரு பேர் இதையேதான் செய்திருக்கிறார்கள். பெருமையாக வேறு சொல்கிறார்கள்.

மார்ச் 19
யாருக்குத் தெரியப்போகுது?

மார்ச் 20
எனக்குத் தெரியுமே. பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை, எல்லோரையும் மறுபடி ஸ்கேன் செய்யச் சொன்னார். ஸ்கேனர் ஞாயிறு காலைகளில் மட்டும்தான் கிடைக்கும். ஜூன் போச்சு.

இவரிடம் சொல்லும்போது அழுதுவிட்டேன். “இத மறைச்சுட்டு நீ இங்க வந்தா, உன்னால நிம்மதியா இருக்க முடியாது, என்னையும் இருக்க விடமாட்டே” என்றார். வருத்தம்தான். குரலில் தெரிந்தது.

ஏப்ரல் 26, ஞாயிறு
இருபது பேரும் வந்து முடித்துவிட்டார்கள், ஒருவரும் முகம் சுளிக்காமல். ஒன்றுமே செய்யக்கூடாது என்று தையல்காரம்மாவிடம் மூன்று தடவை சொல்லி அனுப்பினேன். இறங்கும்போது அவர் முகம் வாடியிருந்தது. “ஒண்ணுமே செய்யலம்மா. ஒரு சட்டைக்குக் கை வெட்ட மறந்துட்டேன், அந்த ஞாபகமாவே இருந்துச்சு. உனக்குக் கெட்டுப்போச்சா?”

கட்டிக்கொண்டேன் அவரை.

மே 21
போக்குவரத்து கூடியிருக்கிறது. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை. ஆனாலும் இருக்கிறது.

ஜூலை 2
அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. இன்று யாரும் என்னிடம் பேசாமலிருந்தால் நல்லது.

செப்டம்பர் 14
ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. முதலில் வந்த முடிவு ஏன் செல்லாது, யார் வாயால் கெட்டது என்று ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அதில் ஒரு வரிகூட வெட்டவில்லை.

இவர் பார்த்துவைத்த வீடு இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். மூன்று பெட்டி கட்டிவிட்டேன். அங்கே எனக்கு வேலை கிடையாது என்று நினைவூட்டினேன். “அத வந்து தேடிக்கலாம், மொதல்ல நீ வா” என்கிறார்.