ஏணிக்காரர் கடை

மார்ச் 4, புதன்

ஆசிரியர் என் கட்டுரையாலேயே விசிறிக்கொண்டார். "மேடம், இதை நீங்களும் நானும் மட்டும்தான் படிக்கிறோம். நானும் பாதியிலயே விட்டுடறேன்."

வியாபாரிகளுக்காக வியாழக்கிழமைதோறும் வரும் எட்டுப் பக்கப் பத்திரிகை. மூன்றாம் பக்கப் பத்தியில் சிறு கடைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. வங்கியில் கடன் பிரிவில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து, எந்தக் கடை எப்படி முழுகுகிறது என்று பார்த்தவள் நான். இந்த வாரம் எழுதியது: இரும்பு விலை ஏற்றம், நாற்சந்தியில் திறக்கப்போகும் மூன்று மாடிப் பெருங்கடை, அதைச் சமாளிக்கும் வழிகள். எல்லாம் சரியான விஷயம். உப்புச் சப்பில்லையாம்.

"ஒரு ஆளை வச்சு எழுதுங்க. ஒரு அசட்டுக் கடைக்காரன். அவன் பண்ற ஒவ்வொரு தப்பும் ஒரு பாடம். ஜனங்க சிரிச்சுக்கிட்டே படிப்பாங்க."

அசட்டுக் கடைக்காரனுக்கு நான் எங்கே போவது என்று வழியெல்லாம் யோசித்தேன் – இல்லை, பொய். யோசிக்கவே இல்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் ஆள் கிடைத்துவிட்டான்.

மார்ச் 6, வெள்ளி

அண்ணன் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நட்டு, போல்ட்டு, குழாய், பூட்டு, பெயிண்ட் விற்கிற கடை. அப்பா வைத்தது. தினமும் போகிற சாமானெல்லாம் உச்சித் தட்டில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை போகிறது கைக்கெட்டும் இடத்தில். ஏன் என்று கேட்டேன்.

"தினம் போறது எங்க இருக்குன்னு தூக்கத்துலகூடத் தெரியும் பாப்பா. எப்பவோ ஒரு தடவை போறதுதான் மறந்துபோகும். அதான் கண்ணு முன்னாடி வச்சிருக்கேன்."

ஒரு மணி நேரத்தில் பதினான்கு தடவை ஏணி ஏறி இறங்கினான். ஐம்பத்திரண்டு வயசு. புதுக் குழாய் வாங்க வந்த ஒரு அம்மாவிடம், பழையதைக் கொண்டுவரச் சொல்லி, திருகிப் பார்த்து, வாஷர் மாற்றினால் போதும் என்று அனுப்பிவைத்தான். அந்த அம்மா வாயெல்லாம் பல்லாகப் போனாள். இவனும் சிரித்தான். பெருங்கடை திறக்க மூன்று மாதம்கூட இல்லை.

எனக்கு நாற்பத்தெட்டு. இன்னும் பாப்பாவாம்.

மார்ச் 12, வியாழன்

வந்துவிட்டது. தலைப்பு 'ஏணிக்காரர் கடை'. பேர் இல்லை, தெரு இல்லை, என்ன சாமான் என்றுகூட இல்லை. "நமது ஏணிக்காரர் ஒரு நாளில் ஏறும் உயரத்தைக் கூட்டினால் ஒரு மலை ஏறிவிடலாம். வியாபாரம் மட்டும் அடிவாரத்திலேயே நிற்கிறது." கீழே பாடம்: அதிகம் விற்பதைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

பத்து மணிக்கு அண்ணன் போன் செய்தான். உடனே எடுக்கவில்லை, சொல்லத்தான் வேண்டும். எடுத்தால் சிரிக்கிறான். மூச்சு முட்டச் சிரிக்கிறான்.

"பாப்பா, இது நம்ம எதிர்க் கடைக்காரன்தானே? கண்ணாடியும் பெயிண்டும் விக்கிறவன்? அவன்தான் எப்பப் பாரு ஏணியில தொங்குவான்! உனக்கு எப்படித் தெரியும்?"

நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மார்ச் 14, சனி

கடைச் சுவரில் பத்தியை வெட்டி ஒட்டிவைத்திருக்கிறானாம். "என் தங்கச்சி எழுதினது" என்று மேலே சிவப்பு மையில்.

மார்ச் 26, வியாழன்

மூன்றாவது வாரம். இந்த முறை வாஷர் கதை. வாடிக்கையாளருக்குப் பொருள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் உலகின் ஒரே வியாபாரி! நாற்பது கடிதம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் வாசகர் கேள்வியைக்கூட நானே எழுதி நானே பதில் சொல்வேன். ஆசிரியர் எனக்கென்று ஒரு மேஜை போட்டுக் கொடுத்தார்.

அண்ணன் தினமும் எதிர்க் கடை வாசலில் போய் நின்று, "என்ன ஏணிக்காரரே, மலை ஏறியாச்சா?" என்று கேட்கிறானாம். அந்தக் கண்ணாடிக் கடைக்காரர் சிரித்துவைக்கிறாராம். அவருக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். இவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

ஏப்ரல் 5, ஞாயிறு

அண்ணன் வீட்டில் சாப்பாடு. அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினாள். அண்ணன் பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டினான், நடித்துக் காட்டினான். ஏணியிலிருந்து இறங்கும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வானே, அதைக்கூட நான் எழுதியிருந்தேன். அதையும் நடித்தான், அவன் முழங்காலையே பிடித்துக்கொண்டு. அப்போதும் உறைக்கவில்லை. என்ன ஜென்மமோ.

அவனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பரிதாபம் வரவில்லை. எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. எரிச்சல்தான் வந்தது. கடை எனக்கு வந்திருக்க வேண்டியது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கல்லாவில் உட்கார்ந்து இருப்பு எடுத்தவள் நான். இவன் தெருவில் பந்து விளையாடினான். கடைசியில் அப்பா சொன்னார்: "அவன்கிட்டத்தாம்மா ஜனங்க வருவாங்க. உன்கிட்ட வர பயப்படுவாங்க." அதோடு முடிந்தது. வங்கிக்குப் போனேன்.

வரட்டும் ஜனங்க. வந்து சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

போன வாரம் செய்திப் பகுதிக்கு ஒரு நல்ல சரக்கு கிடைத்தது. பெரிய பெயிண்ட் கம்பெனி ஒன்று கடைகளுக்கு நிறம் கலக்கும் மிஷின் கொடுக்கிறது, தெருவுக்கு ஒரே ஒரு கடைக்கு. மிஷின் வந்தால் மேஸ்திரிகள் எல்லாரும் அந்தக் கடைக்குத்தான் வருவார்கள். பெருங்கடைக்கு எதிரே சின்னக் கடை நிற்க இதைவிட நல்ல பிடிமானம் கிடையாது. நானே அப்படித்தான் எழுதினேன்.

அதைப் படித்துவிட்டு அண்ணன் விண்ணப்பம் போட்டுவிட்டான். நான் சொன்ன ஆலோசனையை முதல்முறையாக ஒருத்தன் அப்படியே கேட்டிருக்கிறான்.

மே 2, சனி

அண்ணி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். மேஜைக்கு எதிரே உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

"அது யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். உனக்கும் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டாம், அது என்னோட போகட்டும். வர்ற வெள்ளிக்கிழமை பெயிண்ட் கம்பெனி மேனேஜர் கடையப் பார்க்க வர்றார். அந்தச் சுவத்துல இருக்கறதக் கழட்டச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார், என் தங்கச்சி எழுத்து மேல உனக்குப் பொறாமைன்னு சொல்றார். நீ சொன்னா கேப்பார்."

"சொல்றேன் அண்ணி."

"சாமானையும் மாத்தி அடுக்கணும். மிஷின் இல்லன்னா இந்த வருஷத்தோட சரி. வீடும் கடைய நம்பித்தான் நிக்குது."

சொல்கிறேன் என்று சத்தியமே செய்தேன். அவள் போனதும் ஆசிரியர் வந்தார். இந்த வியாழன் என் பத்தி முதல் பக்கமாம். அதிலும் நீளமாக, படத்தோடு. ஒரு மனுஷன் ஏணியில் நிற்கிற மாதிரிப் படம் போடப்போகிறார்களாம்.

மே 5, செவ்வாய்

கடைக்குப் போனேன், சொல்லத்தான் போனேன். சுவரில் எட்டுப் பத்தி, வரிசையாக, ஓரம் மடங்காமல். அண்ணன் மேலே ஏணியில். ஆணி வாங்க வந்த இரண்டு பேர் சுவரைப் படித்து ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டார்கள். அதில் ஒருத்தர், "யார்ரா எழுதறது, பிச்சு உதறியிருக்காங்க" என்றார்.

"என் தங்கச்சி. இதோ நிக்கறா" என்று மேலேயிருந்தே சொன்னான் அண்ணன். முகமெல்லாம் பெருமை.

அந்த ஆள் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். என்னை இதுவரை யாரும் எழுத்துக்காகக் கும்பிட்டதில்லை.

அப்புறம் எப்படிச் சொல்வேன்? கழட்டு என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்றால் – சாமான்களை மாற்றி அடுக்கு என்று மட்டும் சொன்னேன். "அடுக்கறேன் பாப்பா, இரு, இவங்களுக்கு ஆணி எடுத்துக் குடுத்துட்டு" என்றான். காபி வரவழைத்துக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 7, வியாழன்

முதல் பக்கம். பிரமாதம்.

மே 8, வெள்ளி

சாயங்காலம் கண்ணாடிக் கடைக்காரர் தெருவில் வழி மறித்தார். நல்ல மனுஷர், கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நான் எதிர்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேம்மா. மேனேஜர் வந்தார். உங்க அண்ணன் என்னமோ பேப்பர் எடுக்கணும்னு ஏணியில ஏறினார். அதுக்குள்ள மேனேஜர் சுவத்தப் படிச்சுட்டார். கையில உங்க பேப்பர் வேற, நேத்து வந்தது. படத்தப் பார்க்கறார், இவரப் பார்க்கறார். 'ஓ, அந்த ஏணிக்காரர் நீங்கதானா சார்'னு ஒரே சிரிப்பு."

"அண்ணன் என்ன சொன்னான்?"

"நாலாவது படியில நின்னார். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அங்கேயே நின்னு, 'ஆமா சார், நான்தான்'னார்."

மேனேஜர் போனபிறகு அண்ணன் இறங்கி வந்து, ஒன்பது பத்தியையும் முதலிலிருந்து கடைசிவரை நின்றபடி படித்தானாம். ஒன்றையும் கிழிக்கவில்லை. நடுப்பகலில் ஷட்டரை இழுத்துவிட்டு, எதிர்ப் பக்கம் வந்து, "இத்தனை நாள் உங்களக் கிண்டல் பண்ணிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

"நானும் விண்ணப்பம் போட்டிருந்தேம்மா. மிஷின் எனக்குத்தான் தர்றேன்னு மேனேஜர் சொல்லிட்டுப் போனார். வேண்டாம்னு சொல்ற வசதி எனக்கு இல்ல."

மே 9, சனி

நான் என்ன பண்ணினேன்? பேர் போட்டேனா? தெரு போட்டேனா? அவனாத்தானே ஒட்டினான்? மேல் தட்டுல வச்சது நானா? பத்து வருஷமா அவன்கிட்ட நேராச் சொன்னேனே, கேட்டானா? எழுதினதுல ஒரு வரி பொய் உண்டா? ஒரே ஒரு வரி?

இல்லை. அதுதான் கஷ்டம். ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவன் முழங்கால் உட்பட.

மே 10, ஞாயிறு

வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே நின்றாள்.

"தூங்கறார்."

சாயங்காலம் ஆறு மணி. உள்ளே டிவி ஓடியது, அண்ணன் இருமினான்.

"அண்ணி, நான் சொல்லணும்னுதான் போனேன் –"

"ஒரு வார்த்தை. 'கழட்டு'ன்னு ஒரு வார்த்தை. எனக்காக இல்ல, அவருக்காக இல்ல, உன் வாயால அத்தனை பேருக்கு யோசனை சொல்றியே, அதுல ஒண்ணா நினைச்சு சொல்லியிருக்கலாம்ல?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி வந்தேன்.

மே 28, வியாழன்

பெருங்கடை திறந்தாயிற்று. கூட்டம். செய்தி எழுதிக் கொடுத்தேன். பத்தியில் ஏணிக்காரர் இல்லாமல் வேறு என்னவோ எழுதிப் பார்த்தேன். "ஏணிக்காரர் எங்கே?" என்று பதினெட்டுக் கடிதம். மறுபடி ஆரம்பித்துவிட்டேன். இனி அவனுக்குக் கெடுவதற்கு என்ன இருக்கிறது?

ஜூன் 9, செவ்வாய்

அலுவலகத்தில் என் மேஜை தடுப்புக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் விளம்பரம் வாங்கும் மேஜை. பதினோரு மணிக்கு அண்ணன் குரல் கேட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். எழுந்திருக்கப் போனேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கேட்பான் என்று காத்திருந்தேன். எந்தப் பக்கத்தில் போட்டால் அதிகம் பேர் பார்ப்பார்கள் என்று கேட்டான். கூடுதலாக எவ்வளவு என்று கேட்டான். ரசீது வாங்கினான். போய்விட்டான்.

மாலையில் பக்கம் திருத்த வந்தது. என் பத்திக்குப் பக்கத்திலேயே, கட்டம் கட்டி:

"ஏணிக்காரர் கடை மூடப்படுகிறது. குழாய், பூட்டு, பெயிண்ட், அலமாரிகள் அனைத்தும் கிடைத்த விலைக்கு. அதிகம் விற்பவை கைக்கெட்டும் இடத்தில் வைக்கப்பட்டுள்ளன."

கீழே முகவரி. வாழ்க்கையில் அவன் கொடுத்த முதல் விளம்பரம். நல்ல விளம்பரம். நானே எழுதியிருந்தாலும் ஒரு சொல் மாற்ற மாட்டேன்.

இடம் போதவில்லை, பத்தியில் ஆறு வரி குறைக்க முடியுமா என்று ஆசிரியர் கேட்டார். குறைத்துக் கொடுத்தேன்.