நெடுவாதன் கைகளைக் குறித்துக் கல்லாற்றுக் கோட்டைக்கு

ஏரிகள் நிறைக, எல்லைகள் நிலைக்க, குன்றவேலி நாட்டுக் குடிகள் யாவரும் உண்டு உறங்கி நலம் வாழ்க. ஒன்பது கணவாய்க்கும் உரியவரும், முப்படை உடையவரும், பொன்னெயில் நகரில் வீற்றிருக்கும் கோமானுமாகிய செருவாழியார் திருவாய் மலர்ந்தருள, அவருடைய அமைச்சர் மதிவரம்பர் எழுதுவிக்கும் ஓலை. வடவெல்லை காக்கும் கல்லாற்றுக் கோட்டைத் தலைவர் வயிரக்கோனார், அருகிருப்போரை அப்பால் அனுப்பிவிட்டு, தாமே பிரித்துத் தாமே படிக்கக் கடவர். படித்து முடிக்கும் வரையில், அவர் காவலில் கிடக்கும் முரசன் நெடுவாதன் மேல் எவன் கையும் படாதிருக்கக் கடவது.

நீர் விடுத்த ஓலை வந்து சேர்ந்தது. பத்தொன்பது நாள் கேட்டும், ஆறு விரல்களை முறித்தும், உள்ளங்கையில் காய்ச்சிய எண்ணெய் வார்த்தும், பகைவரிடம் பொன் பெற்றதாக நெடுவாதன் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர். தன் கை பிந்திவிட்டது என்ற ஒன்றையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லி அழுவதாகவும், வளர்பிறை ஐந்தாம் நாள் அவனை யானைக்காலில் இட விடை வேண்டும் என்றும் எழுதியிருந்தீர். விடை இதோ வருகிறது. நீர் எதிர்பார்த்த விடை அன்று. அது எவ்வாறு மாறியது என்பதை நீர் அறிய வேண்டுமாதலால், முரசணி வகுத்த கீரங்காடனாருக்கு நேர்ந்ததை ஒளிவுமறைவின்றி இங்கே எழுதுகிறோம்.

அறுபத்துநான்கு முரசரை எட்டு வரிசையாக நிறுத்தி, எந்த அடிக்கு எவன் எங்கே கால் வைப்பது, எந்த அடிக்கு எவ்வரிசை பிரிந்து எவ்வரிசை ஊடே புகுவது என்று வகுப்பதே கீரங்காடனாரின் தொழில். தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, கொட்டைக்கு ஒரு முரசன் பெயரிட்டு, நாள் முழுதும் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார். குறுக்கே நடந்து ஒரு கொட்டையைத் தட்டிவிட்டால், தட்டியவர் அரசரே ஆயினும் முகம் பாராமல் கடிந்துகொள்வார். முன்கோபி, புகழ்ச்சிக்கு உருகுபவர், தம் வகுப்பில் குறை உண்டென்று எவரேனும் சொல்லிவிட்டால் மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்காது. முன்முரசு அடிப்பவன் நெடுவாதன். பகைவராகிய தும்பைக்கரையாரின் நாட்டில் பிறந்து, பழைய போரொன்றில் சிறைப்பட்டு இங்கு வந்தவன். அவன் கையைப் போல் ஒரு கை தமக்கு வாய்த்ததில்லை என்று கீரங்காடனார் பிறரிடம் சொல்லி மகிழ்வதுண்டு. அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

வெண்மணல் வெளிப் போருக்கென்று அவர் வகுத்த நடை இது: முப்பத்திரண்டாம் அடியில் வேற்படை இரண்டாகப் பிளந்து வழிவிட, முரசர் அவ்வழியே பின்வாங்குவர்; நாற்பதாம் அடியில் படை மீண்டும் மூடிக்கொண்டு கேடயத்தோடு கேடயம் சேர்க்கும். வேலாட்களின் கண் பகைவர் மேல் இருக்கும். அவர்கள் காலை நடத்துவது முரசொலி ஒன்றே. அன்று படை பிளந்தது; மூடவில்லை. முன்வரிசை முரசுகள் நெடுவாதனோடு ஒலிக்க, பின்வரிசை முரசுகள் அரை அடி தாழ்ந்து, பின் ஓரடி தாழ்ந்து ஒலித்தன. ஒருசாரார் ஒன்றுக்கும் மறுசாரார் மற்றொன்றுக்கும் கால் வைத்து, ஒருவர் வேலில் ஒருவர் மாட்டிக்கொண்டு நின்றனர்.

திறந்து கிடந்த அவ்வழியே தும்பைக்கரைக் குதிரைகள் புகுந்தன. தோள்வார் கழுத்தை இறுக்கியதால் முரசைக் கழற்ற இயலாமல், முரசோடு சேர்ந்து இழுபட்டுச் செத்தவர் பலர். கீழே விழுந்தவன் மேல் அடுத்தவன் விழ, அவர்கள் மேல் குளம்புகள் ஏற, விலா எலும்புகள் நொறுங்கும் ஓசை மேட்டில் நின்ற கோமானுக்கே கேட்டது. குடல் சரிந்த ஒருவன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு தன் இடத்தைத் தேடி அடியெண்ணி நடந்தான் என்று கண்டவர் சொல்கின்றனர். ஐம்பத்துநான்கு முரசரும் ஈராயிரம் வேலாட்களும் ஒரு நாழிகைக்குள் மாண்டனர். நெடுவாதனும் வேறு ஒன்பதின்மருமே முரசரில் மீண்டவர்கள்.

மாண்டோரின் தாய்மாரும் மனைவியரும் பொன்னெயில் வாயிலில் வந்து அமர்ந்து, இதற்குக் காரணமானவனைத் தங்கள் கையில் தரவேண்டும் என்று கேட்டனர். நாட்டுக்கு அன்று பழியை இறக்கி வைக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. தும்பைக்கரையில் பிறந்த தோள் ஒன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அதைச் சுட்டிக் காட்டியவர் வேறெவரும் அல்லர், இவ்வோலை எழுதுவிக்கும் மதிவரம்பரே. கீரங்காடனாரோ அவரினும் உரக்கக் கத்தினார். நெடுவாதனைக் கட்டி இழுத்துச் செல்கையில், உண்ட சோற்றுக்கு இரண்டகம் செய்தவன் என்று சொல்லி அவன் முகத்தில் காறி உமிழ்ந்தார்.

தம் வகுப்பில் குறையில்லை என்று காட்டி, நெடுவாதனின் துரோகத்தை அவையோர்க்கு மெய்ப்பிக்க வேண்டும் என்ற வேகத்தில், கீரங்காடனார் எஞ்சிய ஒன்பதின்மரையும் பெருமண்டபத்தில் நிறுத்தி, முன்முரசைத் தாமே தோளில் மாட்டிக்கொண்டு அந்நடையை ஆடிக்காட்ட முற்பட்டார். மண்டபத்தில் ஓரடியும் பிசகவில்லை. மறுநாள் அவையோர் அனைவரும் காணட்டும் என்று முற்றத்து வெட்டவெளிக்குக் கொண்டுசென்றார். அங்கே பதினாறாம் அடியிலேயே பின்னிருந்தவர்கள் தாழத் தொடங்கினர். இப்போது முன்முரசில் இருந்தவன் பகைநாட்டான் அல்லன், கீரங்காடனாரே. பயிற்சி போதவில்லை என்று அவையோரிடம் ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டு, கடைவரிசை முரசன் ஆலத்தூரனைத் தனியே அழைத்து, அடியை எதைக் கொண்டு பிடிக்கிறாய் என்று வினவினார்.

அவன் கள்ளமின்றிச் சொன்னான். மழைக்காலம் மூன்று மாதமும் தோல் நனையாதிருக்க மண்டபத்துக்குள் பழகினோம். முன்முரசு ஒலித்ததும் எதிர்ச்சுவர் அதைத் திருப்பி ஒலிக்கும். சுவர் ஒலிக்கும் நொடியில் கோலை ஓங்கினால் அடுத்த அடி தானாக வந்து பொருந்தும். பின்வரிசையார் யாவரும் அவ்வாறே பழகினோம். வெளியிலோ சுவர் ஒலிக்கவில்லை, அதற்காகக் காத்திருந்து காத்திருந்து தாழ்ந்துவிட்டோம் என்றான். அதோடு நின்றானா? மண்டபத்தில் அப்படி அடித்தபோது, இப்போதுதான் ஒரே கை அடிப்பதுபோல் இருக்கிறது என்று ஐயா அவர்களே மெச்சினீர்களே என்றும் கேட்டான்.

கீரங்காடனார் உடனே அரசரிடம் ஓடி உண்மை சொன்னார் என்று எழுத ஆசைதான், அது நடக்கவில்லை. அமைச்சரிடமே முதலில் வந்தார். அமைச்சர், ஆத்திரம் தணியட்டும் என்றும், யானை தன் வேலையை முடித்துவிட்டால் வாயிலில் இருப்போர் வீடு திரும்புவர் என்றும், அயலான் ஒருவன் உயிரால் நாடு அமைதி பெறுமாயின் வாய் திறவாதிருப்பதே நன்று என்றும் அறிவுரை பகர்ந்தார். கீரங்காடனார் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் உம் ஓலை வந்து அவையில் படிக்கப்பட்டது. தன் கை பிந்தியதாக அவன் சொல்லி அழுகிறான் என்ற இடம் வந்தபோது எழுந்து நின்றார். அவன் பிந்தவில்லை, பிந்தும்படி வகுத்தவன் நான், யானைக்காலில் என்னை இடுக என்று அவையதிரச் சொன்னார்.

கோமான் மெய்ப்பிக்கச் சொன்னார். மண்டபத்தின் எதிர்ச்சுவர் முழுதும் நனைந்த வைக்கோல் பாய்களைத் தொங்கவிட்டு ஒன்பதின்மரையும் அடிக்கச் செய்தனர். சுவர் ஊமையாயிற்று, அடி சிதறிற்று. பாய்களை அகற்றினர், அடி கூடிற்று. மும்முறை அவ்வாறு செய்து பார்த்த பின், பழக மண்டபத்தைத் தந்தவன் நானே என்றார் கோமான். தண்டனையை மறுநாள் சொல்வதாகக் கூறி எழுந்தார்.

கீரங்காடனார் மறுநாளுக்குக் காத்திருக்கவில்லை. இதை அவர்கள் என் வாயால் கேட்கவேண்டும் என்று சொல்லி, தடுத்த அமைச்சரின் கையை உதறிவிட்டு, உச்சிவெயிலில் வாயிலுக்கு நடந்தார். நடந்ததை மறைக்காமல் அப்பெண்டிரிடம் சொன்னார். மூன்று மக்களை வெண்மணலில் இழந்த பொலங்கொடி என்பவள் முன்னே வந்து, போர்க்களத்துக்குச் சுவர் கிடையாது என்பது கூடவா ஐயா உமக்குத் தெரியாமற் போயிற்று என்று கேட்டாள். தெரியும் தாயே, நினைக்கவில்லை என்றார் அவர். முதற்கல் அவள் கையிலிருந்து வந்து அவர் பல்லை உடைத்தது. பின்பு எத்தனை கல் என்று யாரும் எண்ணவில்லை. விழுந்தவரை உலக்கையாலும் விறகுக்கட்டையாலும் அடித்தனர். தலை பிளந்து மூளை படிக்கட்டில் சிதறிய பின்னும் அடித்தனர். கை ஓய்ந்த பிறகே ஒவ்வொருத்தியாக அமர்ந்து அழுதனர். அமைச்சர் காவலரை ஏவாமல் வாயில் மாடத்தில் நின்று பார்த்திருந்தார். அப்பெண்டிரில் எவரையும் தண்டிக்கலாகாது என்பது கோமான் ஆணை.

இனி உமக்குரிய ஆணை. யானையைக் கொட்டிலில் கட்டுக. இவ்வோலையோடு வரும் மருத்துவர் நெடுவாதன் விரல்களைச் சேர்த்துக் கட்டும் வரை, அவனுக்கு நீரே சோறு ஊட்டுக. அவனைப் பிணித்த கட்டுகளை ஏவலரை விட்டு அவிழ்க்காமல் உம் கையாலேயே அவிழ்க்க. அவிழ்க்கும் முன், அவன் அடித்த ஒவ்வோர் அடியும் உரிய நொடியிலேயே ஒலித்தது என்றும், இதைச் சொல்லிவிட்டுக் கீரங்காடனார் மாண்டார் என்றும் அவனுக்குச் சொல்லுக. அவன் எளிதில் நம்பமாட்டான். பத்தொன்பது நாள் அவனிடம் ஒன்றையே கேட்டீர். அவன் நம்பும் வரையில், எத்தனை நாள் ஆயினும், இந்த ஒன்றையே நாள்தோறும் சொல்லுக.

வெண்மெழுகில் ஒன்பது கணவாய் முத்திரை பதித்து, கோமான் கைச்சாத்திட்டு, ஆவணித் திங்கள் வளர்பிறை இரண்டாம் நாள் குதிரையில் விடுத்தது. ஆணை வழுவாது நிறைவேறுக.