பட்டுக்கோட்டை என்ற பெயர்வெளி

என் விசைப்பலகையின் இடது மூலையில் நீ வைத்த நகப்பூச்சுப் பொட்டு, இன்று தூசி துடைக்கும்போது கொஞ்சம் உரிந்துவிட்டது. துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காய்ச்சலென்று ஊருக்குப் போனவள் நீ, திரும்பி வரவேயில்லை. அதன்பின் குறுவையும் அறுத்தாயிற்று, தாளடியும் அறுத்தாயிற்று. உன் காலி நாற்காலியைப் பார்க்க எனக்கு இன்னும் பழகவில்லை.

அந்தப் பொட்டு வந்த கதை உன் மேக்ரோவின் கதை. தஞ்சாவூர் அரிசி ஆலை ஒன்றுக்கு இருவரும் நிரல் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே பெயர் இரண்டு பகுதிகளில் வந்தாலும் குழம்பாமலிருக்க ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயர்வெளி வேண்டும்; அவரவர் ஊரையே அப்படி வைத்தோம். உனக்குப் பட்டுக்கோட்டை, எனக்குத் திருப்பனந்தாள். இரண்டிலும் 'எடை' என்று ஒரு ஃபங்ஷன், கூப்பிட்டால் கணக்குப் போட்டுத் தரும் துண்டு நிரல், இருந்தது. உன்னுடையது சாக்கைக் கழித்துச் சொல்லும், என்னுடையது சாக்கோடு சொல்லும். நிரலை எழுதித் தரும் நிரல்தானே மேக்ரோ. அதில் நீ வெறும் 'எடை' என்று எழுதியிருந்தாய். என் பகுதியில் அதைக் கூப்பிட்டதும், அது என் எடையைப் பிடித்துக்கொண்டது. சாக்கும் நெல்லாகிவிட்டது.

"எங்க ஊருலேர்ந்து கெளம்புனது, உங்க ஊருக்கு வந்ததும் உங்க வீட்டு ஆளாயிடுச்சு பாருடி!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். "வெறும் பேரச் சொல்லி அனுப்புனா அப்படித்தான். ஊரையும் சேத்துச் சொல்லணும்."

மேக்ரோவிலிருந்த ஒற்றை மேற்கோளை எடுத்துவிட்டு, விசைப்பலகை மூலையிலிருந்த பேக்டிக் என்ற சாய்ந்த குறியைப் போட்டாய்; அது பெயரோடு ஊரையும் சேர்த்துவிடும். பிறகு எங்கே விரிந்தாலும் அது 'பட்டுக்கோட்டை/எடை' என்றே விரிந்தது. நான் மறந்துவிடக் கூடாதென்று அந்த விசையில் பொட்டும் வைத்தாய்.

இப்போது ஊர்ப்பெயர்களை எல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் புரியவில்லையாம். நியாயம்தான், ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த அலுவலகத்தில் பொட்டைத் தவிர உன்னுடையதென்று மிச்சமிருந்தது உன் ஊர்ப்பெயர் ஒன்றுதான்.

"இது மட்டும் இருக்கட்டுமே சார்" என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"பேருதானேம்மா? வேலை அதேதான் நடக்கப் போவுது. மாத்திடுங்க."

மாற்றினேன். பட்டுக்கோட்டை இருந்த இடத்திலெல்லாம் 'பொது' என்று வைத்து ஓடவிட்டேன். எங்காவது ஓரிடம் விட்டுப்போயிருக்கும், பட்டுக்கோட்டையைக் காணவில்லை என்று இயந்திரமாவது ஒரு வார்த்தை சொல்லும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் வரவில்லை. எல்லாம் சரியாக ஓடியது.

உன்னைக் காணோமென்று சொல்ல இனி நான் மட்டும்தான் இருக்கிறேன். சொல்லிக்கொண்டே இருப்பேன்டி.