திரைக்கு வெளியே ஒரு சாளரம்

அலுவலகம் கொடுத்த புது மடிக்கணினியில் இன்று காலை, சாளரங்களை அடுக்க நீ எழுதித் தந்த கான்ஃபிக் கோப்பை ஏற்றினேன். திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு பட்டை வந்து நின்றது. நாற்பத்து மூன்றாவது வரி அதற்குப் புரியவில்லையாம். கோப்பைத் திறந்தால், அந்த வரிக்கு மேலே நீ எழுதி வைத்த குறிப்பு: "இதத் தொடாத டி. தொட்டுக் கெடுத்துட்டு என்னைக் கூப்பிடாத."

உன்னைக் கூப்பிட முடியாது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஜூரோங் அலுவலகம் மெல்ல மெல்ல நிறையும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாளிலிருந்தே என் மேசையைக் கிண்டல் செய்தவள் நீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாய். என் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த சாளரங்களைப் பார்த்து, "இது என்னடி, சுங்கெய் ரோடு பழைய சாமான் சந்தையா?" என்றாய். நான் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் ஒரு நிரலை ஏற்றிவிட்டாய். சாளரங்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஒரே நீள வரிசையில் நின்றன. புதிதாக ஒன்றைத் திறந்தால் அது வலப்பக்கம் போய்ச் சேர்ந்துகொண்டது. விசையைத் தட்டினால் முழு வரிசையும் இடமும் வலமும் நகர்ந்தது.

நான் அதற்குமுன் முயன்று பார்த்த நிரலில், ஒவ்வொரு சாளரம் திறக்கும்போதும் மற்றவை ஒடுங்கிப்போகும். அதைச் சொன்னதும் உனக்குக் கோபமே வந்துவிட்டது. "புதுசா ஒருத்தர் ஏறினா இருக்கிறவங்க ஏன் நசுங்கணும்? ரயில்ல மாட்டுற மாதிரி இன்னொரு பெட்டிய மாட்டு லா."

ஒரே ஒரு எச்சரிக்கைதான் செய்தாய். வரிசை நீண்டால் ஓரத்தில் இருப்பது கண்ணில் படாது, மறந்துபோகும். எல்லாவற்றையும் சிறிதாக்கி ஒரே பார்வையில் காட்ட ஒரு விசை உண்டு, அதை அமைத்துக்கொள் என்றாய். "சரி சரி" என்றேன். அமைக்கவில்லை.

போன வருடம் அந்தக் கப்பல் பட்டறை வேலை என் கழுத்தைப் பிடித்தது. அரட்டைச் சாளரம் எப்போதும் வரிசையின் கடைசியில் திறக்க வேண்டும், சத்தம் போடக்கூடாது, என்னைத் தன் பக்கம் இழுக்கக்கூடாது என்று உன் கோப்பில் நானே ஒரு விதி எழுதினேன். போனிலிருந்து அரட்டைச் செயலியையும் அழித்துவிட்டேன். நாலு வரியில் உலகத்தையே வாயடைத்துவிட்டதாக அன்று எனக்கு எவ்வளவு பெருமை! அப்போது நீ மறுபடி ஆஸ்பத்திரியில் இருந்தாய். போன தடவை போல இந்தத் தடவையும் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நான்பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை மதியம் உன் அக்கா போன் செய்து, நீ போய்விட்டாய் என்றார். ஞாயிற்றுக்கிழமை கணினியை அணைக்கப் போனவள், என்னவோ தோன்றி வரிசையை வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனேன். பன்னிரண்டு சாளரங்கள் தாண்டி நீ இருந்தாய். புதன்கிழமை காலையில் எழுதியது.

"நாளைக்குச் சாயங்காலம் வர்றியா? சும்மா பேசணும். அவசரம் இல்ல."

காரியத்தன்று தெம்பனிஸில் உங்கள் வீட்டில் உன் அக்காவிடம் அதைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்கு நான் போன் பண்றேன்னுதான்மா சொன்னேன். வேணாம்னுட்டா. 'வேலைல இருப்பா, பாத்தா வந்துடுவா'ன்னா. வியாழக்கிழமை பூரா யாராச்சும் கதவத் தொறந்தா திரும்பித் திரும்பிப் பாத்தா."

திட்டியிருக்கலாம் அவர்.

நாற்பத்து மூன்றாவது வரியை இன்று சரிசெய்துவிட்டேன். புதுப் பதிப்பில் ஒரு சொல்லை மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உன் குறிப்பை அழிக்கவில்லை. என் விதியை அந்த ஞாயிற்றுக்கிழமையே அழித்தாயிற்று. இப்போது யார் எழுதினாலும் என் வேலைக்கு நடுவில் வந்து நிற்கிறார்கள். ஒரு நாளில் உருப்படியாக ஒரு மணி நேரம் வேலை ஓடுவதில்லை. அலுப்பாக இருக்கிறது. ஆனாலும் மாற்ற மனம் வரவில்லை.

சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தின் தெம்பனிஸ் கிளையில் இருக்கும் மீனா ஒரு வரி அனுப்பினாள்: "அக்கா, என் ஸ்கிரீன்ல எழுத்து சின்னதா தெரியுது. முடிஞ்சா பாருங்க, அவசரம் இல்ல." பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எம்ஆர்டி ரயிலில் தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. அவள் மேசையருகே போய் நின்றபோது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் பதறி எழுந்து, "ஐயோ அக்கா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? மெசேஜ்லயே சொல்லியிருக்கலாமே!" என்றாள்.

"பார்த்தேன், வந்துட்டேன்" என்றேன்.