மலை ஏறாத எங்கள் றெயில்

இதை எழுதுவதற்கு மன்னித்துவிடு. அருகில் இருந்தபோது வாய் திறக்காதவள், நோய் உன்னைக் கொண்டுபோய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறாளே என்று சிரிப்பாய்.

இன்று காலை கட்டிலின் கீழிருந்து நம் கனடா வரைபடக் குழாயை எடுத்தேன். மானிட்டோபாவின் மேல் நீ கடித்த மீன் பணிஸை வைத்த எண்ணெய் வட்டம் அப்படியே இருக்கிறது. "ஒரு ஏரி கூடிப்போச்சு, பாலம் போடடி" என்றாய் அன்றைக்கு.

அற்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை ஒரு றெயில் பாதையைத் திட்டமிட வேண்டும். பல்கலைக்கழகக் கடைசி ஆண்டில் நம் இருவருக்கும் கிடைத்த ஒப்படை அது. ஸ்காபரோவில் உங்கள் அப்பார்ட்மென்ற் நிலத்தில் தாள்களை விரித்து முழங்காலில் ஊர்ந்தோம். நீ வழி தேடினாய், நான் கோடு கீறினேன்.

மலைப்பகுதிக்கு இரண்டு தாள்கள். பழையதில் உயரம் அடிக் கணக்கில், புதியதில் மீற்றரில். நான் இரண்டையும் மீற்றர் என்றே எடுத்துவிட்டேன். தாள்கள் சேரும் இடத்தில் நம் பாதை செங்குத்தாக எழுந்து நின்றது.

வகுப்பில் நீ விளக்க வேண்டிய அன்று காலை, பஸ்ஸில் அந்தப் பிழையைக் கண்டேன். உனக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. பட்டமளிப்புப் படம் மாட்ட அப்பா ஆணிகூட அடித்துவிட்டார். ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்று நம்பினேன்.

பேராசிரியர் கவனித்தார். இதில் றெயில் எப்படி ஏறும் என்று கேட்டார். நீ படத்தைப் பார்த்தாய், பிறகு என்னை. வெறுமையாக இருந்த 'வரைந்தவர்' கட்டத்தில் உன் பெயரை எழுதிவிட்டு, பிழை என்னுடையது என்றாய்.

திரும்பும்போது சப்வேயில், "றெயில் ஏறாட்டி என்ன, நாங்கள் ஏறிட்டம். ஏன் மூஞ்சையத் தூக்கி வைச்சிருக்கிறாய்?" என்றாய். முன்பே கண்டுவிட்டேன் என்று அப்போதும் சொல்லவில்லை.

இப்போது மார்க்கம் நகரில் வரைபட வேலை. இரண்டு தாள் சேரும் இடத்தில் முதலில் அளவைத்தான் பார்க்கிறேன். பிழை கண்டால் உடனே சொல்லிவிடுகிறேன்.

நேற்று உன் அம்மா எனக்குப் போன் எடுத்தார். "பிள்ளை, அவள் கீறின படம் உம்மட்டைத்தானே? ஒருக்காக் கொண்டுவாருமன், ஹோல் சுவரில கொழுவ வேணும்."

"ஓம் அன்ரி" என்றேன்.

ஞாயிறு கொண்டுபோவேன். மலையைத் திருத்தமாட்டேன். உன் பெயரையும் தொடமாட்டேன். அதன் கீழே, சின்னதாக, என் பெயரை எழுத விடுவாயா? ஏன் என்று அன்ரி கேட்டால், எல்லாவற்றையும் சொல்ல விடுவாயா?