கிட்னிக் கல் என்று சொல்லி வைத்தோம்

ஜூன் 17, செவ்வாய்

இன்றைக்கும் வாழைத்தண்டு வந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒன்று, இவருடைய வத்தல் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் ஏழாயிரம்பண்ணைக்காரர் கொடுத்தனுப்பியது ஒன்று. கிட்னியில் கல் எடுத்த பொம்பளைக்கு வேறென்ன கொடுப்பார்கள்? வீட்டு வேலைக்கு வரும் முருகம்மாள் அதை நறுக்கி மோரில் போட்டுக்கொண்டே, "ஊருல உள்ள தோப்பையெல்லாம் வெட்டி உங்களுக்குத்தான் அனுப்புறாக பாயம்மா" என்றாள். சிரித்தேன். சிரித்தால் வலது விலாவில் இன்னும் இழுக்கிறது.

எனக்குக் கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. ஏப்ரலில் மதுரையில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். கேன்சர். ஆரம்ப நிலை, வேறெங்கும் பரவவில்லை, இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தால் போதும் என்றார் டாக்டர். மகள் ஷிபானாவுக்கு பிப்ரவரியில்தான் நிச்சயம் பண்ணியிருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா தஸ்லிமா விசாரிக்கப் போன் செய்தபோது, இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "கிட்னியில கல்லும்மா, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஊருக்கே கல்தான்.

இவரைத் திட்ட மனம் வரவில்லை. "தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லி நிறுத்திருவாக சம்சாத்" என்றார். என் பயமும் அதுதானே.

ஜூன் 20, வெள்ளி

களைப்பு. குளிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. தலை துவட்டப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறேன். சஜ்தாவுக்கு நெற்றி தரையில் படக் குனிய முடியவில்லை. தொழுது முடித்ததும் துஆவில் என்ன கேட்பது என்று தெரியாமல் சும்மா கையை ஏந்திக்கொண்டு இருக்கிறேன்.

நான் பீடி குடித்தேனா, சிகரெட் குடித்தேனா? வீட்டில் யாரும் புகைப்பார்களா, விறகடுப்பா, பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தீர்களா என்று டாக்டரும் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். சில பேருக்குக் காரணமில்லாமலும் வரும் என்றார். ஒரு காரணம் இருந்தால் அதைத் திட்டிக்கொண்டாவது இருக்கலாம்.

இன்னொன்று. வீட்டில் யாரும் இப்போது என்னை எதிர்த்துப் பேசுவதில்லை. நேற்று சால்னாவில் உப்பு கரித்தது. எனக்கே வாயில் வைக்க முடியவில்லை. இவர் "நல்லாருக்கு" என்று இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டார். இருபத்தேழு வருடத்தில் என் சமையலைக் குறை சொல்லாத நாள் உண்டா? இப்போது எல்லாமே நல்லாருக்கு.

ஜூலை 9, புதன்

சிவகாசியிலிருந்து தஸ்லிமா பேசினாள். "எனக்கும் கல்லு இருக்காம் மதினி. ஸ்கேன்ல தெரிஞ்சிருச்சு. எனக்கு நீங்க பார்த்த டாக்டர்தான் வேணும். அடுத்து செக்கப்புக்குப் போறப்ப சொல்லுங்க, சேர்ந்தே போயிருவோம்."

"ஆகட்டும் மதினி" என்றேன். வேறென்ன சொல்ல?

இவரிடம் சொன்னேன்.

"டாக்டர் வெளிநாடு போயிட்டாருன்னு சொல்லு."

"எந்த நாடு?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "துபாய்" என்றார். வத்தல் வியாபாரத்தில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷன். ஒரு பொய்யை உருப்படியாகச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

தஸ்லிமாவிடமிருந்து மறுபடி போன். விடியற்காலையில் வலி தாங்க முடியவில்லையாம். சிவகாசியிலேயே காட்டலாம் என்று மகன் சைஃபுல்லா கூப்பிட்டிருக்கிறான். "மதினியோடதான் போவேன்னு சைஃபுல்லாட்ட சொல்லிட்டேன்" என்கிறாள். என்னை நம்பி வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்கிறாள். அப்படி ஒரு டாக்டரே இல்லை.

ஷிபானா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள்ளதைச் சொல்லிவிட்டால் கல்யாணம் நின்றாலும் நின்றுவிடும், என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

"சொல்லிருங்கம்மா. நின்னா நிக்கட்டும்."

பிறகு பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். அவளுக்கு சைஃபுல்லாவைப் பிடித்திருக்கிறது. எனக்குத் தெரியாதா?

ஜூலை 17, வியாழன்

இவரிடம் சொல்லாமல் முருகம்மாளைக் கூட்டிக்கொண்டு சிவகாசிக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன்கள். தீபாவளி சீசன் வேலை, எல்லாவற்றிலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தஸ்லிமா வீடு அவர்களுடைய பேப்பர் கடைக்கு மேல் மாடியில். பாதிப் படியில் மூச்சு நின்றுவிட்டது. மேலே நின்றுகொண்டிருந்தவள், "கல்லு எடுத்ததுக்கா மதினி இப்படி இரைக்குது?" என்று கேட்டாள்.

மேலே போய் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி படியிலேயே நின்று சொல்லிவிட்டேன். "கல்லு இல்ல மதினி. கேன்சர். நுரையீரல்ல. ஆரம்பத்துலயே எடுத்துட்டாக. பொய் சொல்லிட்டோம், மன்னிச்சுக்கங்க."

தஸ்லிமா இரண்டு படி இறங்கி வந்தாள். அப்புறம், "அப்ப நான் எந்த டாக்டரத்தான் பாக்க?" என்றாள்.

கோபத்தில் கேட்டாளா, நிஜமாகவே கேட்டாளா? உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தாள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். சாப்பிடாமல் எழுந்து மண்டிக்குப் போய்விட்டார்.

ஜூலை 23, புதன்

போன் இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்னும் இல்லை. சைஃபுல்லாவும் ஷிபானாவிடம் பேசுவதில்லை போல. கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமோ? என் மனசு லேசாவதற்காக என் பிள்ளை வாழ்க்கையை — எழுதக்கூட கை வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தஸ்லிமாவும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். அவளுக்குக் கல்லைச் சிவகாசியிலேயே உடைத்து எடுத்துவிட்டார்களாம். வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். குரல் அப்படியே மாறியிருந்தது, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி.

"டிசம்பர்னு பேசியிருந்தோம்ல மதினி. செப்டம்பர்லயே முடிச்சிருவோம். நீங்க நல்லா இருக்கப்பவே மகளைக் கண்குளிரப் பாத்துருங்க."

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். நின்றுபோகும் என்று நினைத்த கல்யாணம் சீக்கிரமே நடக்கப்போகிறது. நானும் அழுதிருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. என்னை அடக்கம் பண்ணிவிட்டல்லவா தேதி குறிக்கிறார்கள்?

"டிசம்பர்லயே வைங்க. டிசம்பர்லயும் நான் இருப்பேன்."

"இன்ஷா அல்லாஹ் சொல்லு" என்று இவர் அதட்டினார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் அதட்டல். இன்ஷா அல்லாஹ் என்றேன். தஸ்லிமா கையை எடுத்துக்கொண்டாள். "உங்க இஷ்டம்" என்றாள்.

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னேன்? டாக்டர்கூட அப்படி அடித்துச் சொல்லவில்லையே.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஜன்னலை எல்லாம் சாத்தியும் புகை வந்துவிட்டது. இருமினேன். ஷிபானா முகம் வெளிறிப்போய் ஓடிவந்தாள். "புகைதான்டி" என்றேன். புகைதானா? இந்த மாதக் கடைசியில் ஸ்கேன்.

அக்டோபர் 31, வெள்ளி

மதுரை. ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஏப்ரலில் வரச் சொன்னார்கள். சந்தோஷப்படத் தெம்பில்லை. பஸ்ஸில் இவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது.

மண்டபத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் குனிந்து, கண்ணில் ஈரத்தோடு, "எப்படி இருக்கீக?" என்று மெதுவாகக் கேட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு வந்தார்களா, என் மௌத்துக்குத் துக்கம் கேட்க வந்தார்களா என்று தெரியவில்லை. பதில் சொல்லியே அலுத்துவிட்டது.

பந்தி முடிகிற நேரம் தஸ்லிமா நேரே வந்தாள்.

"ஏன் மதினி, எங்க வீட்டுக்காரரோட அண்ணன், மாப்பிள்ளையோட பெரியத்தா, வாசல்ல அம்புட்டு நேரம் நின்னாக. வாங்கன்னு கேக்க உங்க பக்கத்துல ஒரு ஆளுகூடவா இல்ல?"

பக்கத்திலிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஒருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்து, "அவுக உடம்பு சரியில்லாதவுக, விடுங்க" என்றாள். தஸ்லிமா நகரவில்லை. எனக்கும் கோபம் ஏறிவிட்டது. எழுந்து நின்றேன்.

"எங்க வீட்டு ஆம்பளைக அத்தன பேரும் வாசல்லதான் நின்னாக. உங்க பெரியத்தா கார்ல இருந்து எறங்கவே —"

அதற்குமேல் மூச்சு இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரைத்தேன். யாரோ தண்ணீரோடு ஓடிவந்தார்கள். தஸ்லிமா பதறவில்லை, போகவும் இல்லை. எனக்கு மூச்சு திரும்புகிற வரைக்கும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பிறகு, "ம், சொல்லுங்க. எறங்கவே?" என்றாள்.

ஒன்று விடாமல் சொன்னேன்.